சுழி போட்ட படம்

ஆகஸ்ட் 4, திங்கள்

உ

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. இனி அவர் பார்த்துக்கொள்வார்.

ஒன்பது வருடமாக அடுத்தவர் படங்களுக்கு வசனம் எழுதிக்கொடுத்துவிட்டு, பெயர் வரும் நேரத்தில் தியேட்டர் பஜ்ஜிக்கு வரிசையில் நின்றவன் நான். இன்று தயாரிப்பாளர் திருமேனிநாதன் சார் என் கதையை ஒப்புக்கொண்டார். திரையில் 'கதை, வசனம்: பூவராகன்' என்று வரப்போகிறது. ஸ்ரீமுஷ்ணத்துக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "எழுத்து பெருசா வருமாடா?" என்று கேட்டாள்.

படத்தின் பெயர் 'கறுப்புச் சட்டகம்'. ஓவியக்கூடம் நடத்தும் ஒரு பேராசைக்காரன், கணவனை இழந்த ஒருத்தி வீட்டுச் சுவரிலிருந்து விலைமதிப்பில்லாத ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் போலியை மாட்டிவிடுகிறான். இருட்டு, மழை, துரோகம். இயக்குநர் தீபன்ராஜுக்கு இருபத்தேழு வயது. படம் முழுக்க மழை பெய்ய வேண்டும் என்றான். தண்ணீர் லாரிச் செலவை நினைத்து சார் பாதி மழைக்கு ஒப்புக்கொண்டார்.

சாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓவியக்கூடம் நடத்துகிறவர்தான். அதனால்தான் கதை அவருக்குச் சட்டென்று பிடித்தது. வில்லனாகவும் அவரே நடிக்கிறார். "வேற ஆளப் போட்டா சம்பளம் கேப்பான்யா" என்றார். சிக்கனமானவர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் வீட்டுக்கு அழைத்திருந்தார். முந்திரி பிஸ்கட் வைத்தார். எழுத்தாளனுக்கு முந்திரி பிஸ்கட் வைக்கும் தயாரிப்பாளரை இப்போதுதான் பார்க்கிறேன்.

"வில்லன் அந்தப் படத்த வீட்டுலேருந்து எப்படிய்யா வெளிய எடுக்கறான்?"

"மழையில, பின்வாசல் வழியா சார்."

"நடக்காது. பக்கத்து வீட்டுக்காரன் பாத்துருவான். நல்லா யோசி."

யோசித்தேன். பிஸ்கட் தட்டு காலியாகும் நேரத்தில் பொறி தட்டியது. "சார், அந்த வீட்டுல ஏதோ விசேஷம்னு வைங்க. கல்யாணம், ஷூட்டிங், ஏதோ ஒண்ணு. நூறு பேர் சாமானத் தூக்கிட்டு உள்ளயும் வெளியயும் போறாங்க. யாரு எதத் தூக்கறாங்கன்னு யாரு பாக்கப் போறா?"

சார் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மூளைய்யா ஒனக்கு, பூவராகா!"

என் கதைக்காக இதுவரை யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை. திரைக்கதையில் கல்யாணம் என்றே எழுதிவிட்டேன். ஷூட்டிங் என்றால் நம்ப மாட்டார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதுச்சேரி. படப்பிடிப்புக்கு வீட்டைச் சாரே தேடிப் பிடித்திருக்கிறார். இந்த வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். உள்ளே போனதும் காரணம் புரிந்தது. கூடத்துச் சுவரில் உண்மையாகவே ஒரு பெரிய ஓவியம். நீலப் புடவை கட்டிய இளம்பெண், கக்கத்தில் நீள ரொட்டியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறாள். மறைந்த ஓவியர் அமலதாஸ் அந்துவான் வரைந்தது. அந்தப் பெண் அவர் மனைவி, இப்போது வீட்டுக்காரி, மதாம் ரோஸ்லின்.

மதாமுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சாயங்காலமானால் இரும்புக் குண்டுப் பையோடு பெத்தாங் என்ற குண்டு எறியும் ஆட்டம் விளையாடப் போய்விடுகிறார். தோற்றால் பிரெஞ்சில் திட்டுவார், ஜெயித்தால் தமிழில்.

"இந்தப் படத்த வித்தா நாலு வூடு வாங்கலாம்னு ஒருத்தரு ரெண்டு வருசமா ஆள் வுட்டுக் கேட்டுக்கினே இருந்தாரு தம்பி. குடுக்க முடியாதுன்னுட்டேன். மூக்கத்தான் கொஞ்சம் பெருசா போட்டுட்டாரு மனுசன். அதுக்குத் தெனமும் காலையில இந்தப் படத்தோட சண்டை போடுவேன். இது இல்லன்னா யாரோட சண்டை போடறது?"

கலை உதவியாளர் பொற்கொடி அளவெடுக்க வந்திருந்தார். படப்பிடிப்புக்கு நகல் வரையப் போவது அவர்தான். நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். காதில் பென்சில். இரண்டு காதிலும். படத்தை இறக்கித் திருப்பியபோது பின்பக்க மரச்சட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் 'அ.அ.'

"சிலுவ போடாம எங்க வூட்டுக்காரரு எதயும் ஆரம்பிக்க மாட்டாரு. மளிகை லிஸ்ட்டுல கூட போடுவாரு" என்றார் மதாம்.

"நானும் அப்படித்தான் மதாம். எனக்கு பிள்ளையார் சுழி" என்று பொற்கொடி சிரித்தார். நல்ல பல்வரிசை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

உடைகள் பிரிவு என்னுடைய ஒரே நல்ல கட்டம் போட்ட சட்டையைப் பிடுங்கி ஒரு துணை நடிகருக்கு மாட்டிவிட்டது. கண்டின்யூட்டியாம், படம் முடியும்வரை திரும்பத் தர மாட்டார்களாம். என் பெயருக்கு முன்னால் என் சட்டை திரைக்குப் போகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நகல் தயார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூக்கு உட்பட.

சார் ஒரு புது வேலை சொல்லியிருக்கிறார். பின்பக்கமும் பழசு மாதிரி இருக்க வேண்டுமாம்.

"கேமரா பின்பக்கத்த எடுக்கவே போறதில்லையே சார்?" என்று பொற்கொடி கேட்டார்.

"கலைன்னா முழுசா இருக்கணும்மா" என்றார் சார். என்ன ஒரு ரசனை! தண்ணீர் லாரிக்குக் கணக்குப் பார்க்கும் மனிதர், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்குச் செலவழிக்கிறார்.

பொற்கொடி டீ டிகாஷன் காய்ச்சி, பின்பக்கத் துணிக்கும் சட்டத்துக்கும் பூசினார். மிச்சத்தை நாங்கள் பால் ஊற்றிக் குடித்தோம். மூலையில் பென்சிலால் போட்டிருந்த 'உ'வை எனக்கு மட்டும் காட்டினார்.

"அசல்ல சிலுவையில்ல இருக்கு?"

"அவரு ஆரம்பிச்சதுக்கு அவரு போட்டாரு. நான் ஆரம்பிச்சதுக்கு நான் போடறேன். அவரு சிலுவைய நான் போட்டா அது திருட்டு, ரைட்டர் சார்."

அழகான 'உ'. வால் நீளமாக, பெருமையாகப் போகிறது. பொற்கொடியின் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 30, சனி

புதுச்சேரி வீட்டு வேலை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம். சாமான்கள் லாரி ஏறின. நூறு பேர் உள்ளேயும் வெளியேயும் போனார்கள்.

படப்பிடிப்பு முழுக்க ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாத சார், "மதாம் படத்த நானே மாட்டிடறேன், பசங்க கீறிடுவாங்க" என்று தனியாக உள்ளே போய் மாட்டினார். நகலையும் அவரே பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொண்டுவந்தார். படம் முடிந்ததும் அதை ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போகப்போகிறாராம். பெரிய மனசு.

நான் வேறெதுவும் நினைக்கவில்லை. நான் ஏன் நினைக்க வேண்டும்?

செப்டம்பர் 3, புதன்

சென்னை. வில்லன் வீட்டு செட். பெட்டியைப் பிரித்து நகலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் இல்லாதபோது பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அந்த 'உ'வை இன்னொரு தடவை பார்க்கலாமே என்றுதான்.

'உ' இல்லை. ஒரு சின்னச் சிலுவை. 'அ.அ.'

டிகாஷன் ஊறி எழுத்து உருமாறியிருக்கலாம். டீத்தூளில் இப்போது என்னென்னவோ கலக்கிறார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

முடி வெட்டிக்கொண்டேன். காதோரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டான்.

செப்டம்பர் 5, வெள்ளி

துணி துவைத்தேன். நாகப்பழம் வாங்கினேன். நாக்கு ஊதாவானது.

அம்மா போன் செய்தாள். படம் வெளியாகும் அன்றைக்குத் தெருவே வேன் பிடித்துக் கடலூருக்கு வரப்போகிறதாம். என் பெயர் வரும்போது சித்தப்பா விசில் அடிக்கப் பயிற்சி எடுக்கிறாராம். எழுபத்திரண்டு வயதில்.

படம் நின்றுபோனால் அம்மா தெருவுக்கு என்ன சொல்வாள்? சும்மா கேட்டேன். படம் ஏன் நிற்கப்போகிறது?

செப்டம்பர் 6, சனி

மதாம் ரோஸ்லினிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க போனதுலேருந்து கூடத்துல ஒரு வாசன. எங்க வூட்டுக்காரரு படம் டீக்கடை மாதிரி மணக்குது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அதுமட்டுமில்ல. காலையில மூக்கப் பத்தித் திட்டறேன், திட்டுன மாதிரியே இல்ல. யாரோ தெரியாத பொம்பளயத் திட்டுன மாதிரி இருக்குது. வயசாவுது போல, எனக்குத்தான் புத்தி மழுங்குது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்தம்மாவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் மூன்று நாளாக இல்லை. முந்திரி பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டு வழி சொல்லிக் கொடுத்தவனே நான்தான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

நேராக பொற்கொடியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, இரண்டு காதிலிருந்த பென்சில்களையும் எடுத்துக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார் போலிருக்கிறது.

"எப்ப பாத்தீங்க?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு சனி."

"முடி வெட்டிக்கிட்டேன்" என்றேன்.

நல்லவேளை, சாமான் அறைச் சாவி பொற்கொடியிடம்தான் இருக்கிறது. நாளை ஞாயிறு, படப்பிடிப்பு விடுமுறை. என்ன செய்யப்போகிறோம் என்பதை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு கேரம் போர்டை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பேருந்தில் போனோம்.

போர்வை சுற்றிய கேரம் போர்டு. மகாபலிபுரம் வரை மடியில் வைத்துக்கொண்டேன், அதற்கப்புறம் பொற்கொடி வைத்துக்கொண்டாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இவ்ளோ பெரிய போர்டா? ஸ்ட்ரைக்கர் வச்சிருக்கீங்களா?" என்றார். "அது சென்னையில இருக்கு, வியாழக்கிழமை அடிக்கப் போறோம்" என்றாள் பொற்கொடி. அப்போதே மனதில் ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள்.

மதாம் வீட்டில் மீன் குழம்பு. வரும்போது இன்னொரு கேரம் போர்டைக் கொண்டுவந்தோம். அது டீக்கடை மாதிரி மணந்தது. கிளம்பும்போது மதாம் சுவரைப் பார்த்து, "ஒன் மூக்கும் ஒன் மொகரயும்" என்று திட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது நான் சொன்னேன், "அப்பாடா. முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேணாம், படமும் நிக்காம ஓடிரும்."

"எங்க முடிஞ்சுது? அவரு இத அசல்னு நெனச்சு யார் தலையிலயாவது கட்டுவாரு. நாளைக்கு மாட்டிக்கிட்டா, படத்துக்குப் பின்னாடி இருக்கறது யாரு சுழி? என் சுழி. உன் பேரு திரையில வரும், என் பேரு போலீஸ் ஸ்டேஷன்ல வரும்."

'உன்' என்றாள். எந்த ஊர் தாண்டும்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று கவனிக்கவில்லை.

"கேட்டா இல்லன்னு சாதிப்பாரே."

"அவரு வாயாலயே வரணும். வசனம் எழுதறவன்தானே நீ? வர வை."

செப்டம்பர் 9, செவ்வாய்

உச்சக்காட்சியை மாற்றி எழுதினேன். பழைய முடிவில் வில்லன் விமானம் ஏறித் தப்பிவிடுவான். மாட்டக் கூடாது என்று சார்தான் பிடிவாதம் பிடித்தார். புதிய முடிவை தீபன்ராஜிடம் மட்டும் சொன்னேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அவனுக்குக் கண் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, பின்னிட்டீங்க! ஆனா சார் ஒத்துக்குவாரா?"

"முன்னாடியே சொல்லாத தம்பி. ஸ்பாட்ல பேப்பர் குடு. நடிப்பு ஃப்ரெஷ்ஷா வரும்."

அவனுக்கு உண்மை எதுவும் தெரியாது. கலைக்காகவே துடிக்கிற பையன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்னும் சாப்பிடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சார் பட்டு கவுன், விக், சுருட்டு சகிதம் செட்டுக்கு வந்தார். மதாம் ரோஸ்லின் படப்பிடிப்பு பார்க்க விருந்தாளியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரும்புக் குண்டுப் பை. அவரைப் பார்த்ததும் சாருக்கு முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் வணக்கம் வைத்தார்.

தீபன்ராஜ் தாளை நீட்டினான். சார் படித்தார். மறுபடி படித்தார்.

"கொளுத்தறதா?"

"ஆமா சார்! வெளிய போலீஸ் சைரன். ஆதாரத்த அழிக்க, எந்தப் படத்துக்காக இத்தன பாவம் பண்ணானோ அதையே தன் கையால கொளுத்தறான்!"

"யோவ் பூவராகா, இது கதையில இல்லையேய்யா!"

"காலையில பல்லு வெளக்கும்போது தோணிச்சு சார்."

"செலவு…"

"செலவே இல்ல சார், லைட்டர் உங்களுது."

சார் பொற்கொடி பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "பாவம், இந்தப் பொண்ணு ராப்பகலா வரைஞ்சது. மனசு வலிக்காதா?"

"எனக்கு ஒரு வலியும் இல்ல சார். டிகாஷன் பூசுன துணி. கொளுத்துங்க."

சார் வயிற்றுவலி என்றார். சோடா வந்தது. வெளிச்சம் சரியில்லை என்றார், இன்னொரு விளக்கு வந்தது. தீ அணைக்க மணல் வாளிகள் தயார். ஒரே படம்தான் இருக்கிறது, அதனால் ஒரே டேக் என்றான் தீபன்ராஜ். ஒலிப்பதிவும் நேரடியாகவே.

"ஆக்‌ஷன்!"

சார் லைட்டரைத் தட்டினார். பற்றவில்லை. மறுபடி தட்டினார். பற்றியது. சுடரைச் சட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோனார். விக்குக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. "சூப்பர் சார், அப்படியே, அப்படியே" என்று தீபன்ராஜ் கிசுகிசுத்தான். எனக்கே ஒரு கணம் அவர் கொளுத்திவிடுவாரோ என்று பயம் வந்தது. கொளுத்தியிருந்தால் எங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

லைட்டர் கீழே விழுந்தது. சார் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார்.

"டேய், வேணாம்டா! இது ஒரிஜினல்டா! அந்தம்மா வீட்ல தொங்கறதுதான்டா டூப்பு!"

மேலே சாரத்தில் இருந்த விளக்குக்காரர்கள் கை தட்டினார்கள். "கட்! ஓகே!" என்று கத்திக்கொண்டே தீபன்ராஜ் ஓடிப்போய்ச் சாரைக் கட்டிக்கொண்டான். "பேப்பர்ல இல்லாததப் பேசிட்டீங்க சார். ஆனா என்னா சார் நடிப்பு இது!" அவனுக்கும் விளக்குக்காரர்களுக்கும் இன்னும் புரியவில்லை.

பொற்கொடி போய்ப் படத்தை மெதுவாக வாங்கித் திருப்பினாள். மூலையில், வாலை நீட்டிக்கொண்டு, பெருமையாக 'உ'.

"பிள்ளையார் சுழி சார். தமிழ் எண்ணுல படிச்சா ரெண்டு. இதுதான் ரெண்டாவது. மொதலாவது ஞாயித்துக்கிழமையே வீட்டுக்குப் போயிருச்சு."

சார் விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மதாம் எழுந்து நின்றார். பைக்குள் குண்டுகள் கடகடத்தன.

"போன்ழூர், முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் மதாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்றிரவு பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். படம் போயிற்று, பெயர் போயிற்று, சித்தப்பா விசில் போயிற்று என்று அழுகையாகவே வந்தது. பொற்கொடிக்கு ஜெயில் இல்லை என்பதில் மட்டும் நிம்மதி.

காலையில் மதாம் தீர்ப்புச் சொன்னார். "இந்த ஆள ஜெயில்ல வச்சா எனக்கென்ன லாபம்? நூறு பேரு பொழப்பு கெடும். படத்த முடிங்க." நிபந்தனைகள் உண்டு. வில்லன் மாட்டாத முடிவு வேண்டாம், நேற்று எடுத்ததுதான் முடிவு. நகலைச் சார் தன் ஓவியக்கூடத்து முன்கூடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். கீழே 'நகல்: ஓவியர் பொற்கொடி' என்று பலகை. மாட்டுவதற்கு முன்னால் மூக்கைச் சின்னதாக்கிவிட வேண்டும்.

"ரெண்டுல ஒண்ணுலயாவது நான் லட்சணமா இருக்கட்டும்" என்றார். ஏற்கெனவே படத்தில் முக்கால்வாசிப் பணத்தைப் போட்டுவிட்ட சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஜனவரி 23, வெள்ளி

படம் வெளியானது. கடலூர், காலைக் காட்சி. ஸ்ரீமுஷ்ணத்து வேன் வந்தது.

முதலில் என் கட்டம் போட்ட சட்டை வந்தது. அப்புறம் 'கதை, வசனம்: பூவராகன்'. சித்தப்பா விசிலில் காற்று மட்டும்தான் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுத்து பெருசாத்தான்டா இருக்கு" என்றாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

உச்சக்காட்சியில் சார் முழங்காலில் விழுந்து "இது ஒரிஜினல்டா!" என்றதும் தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. இப்படி ஒரு நடிகரை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒரு யூட்யூப் விமர்சகர் உருகியிருக்கிறார். சாரும் இப்போது அதை நடிப்பு என்றே நம்ப ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், அந்த ஒரிஜினல்டா வசனம்! எப்படி சார் எழுதுனீங்க?"

மொத்தப் படத்திலும் நான் எழுதாத ஒரே வசனம் அதுதான்.

"தானா வந்துச்சு சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற பொற்கொடி என் பின்பக்கம் போய்ச் சட்டைக் காலரை மெல்ல மடித்து உற்றுப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"நீ ஒரிஜினலா, சுழி போட்ட டூப்பான்னு பாத்தேன்" என்றாள்.